மோர்ப்பந்தி

கொடிக்கால்பட்டி பவுன் ஸ்டுடியோ தவமணியின் காமிராவிலிருந்து கம்பி இல்லாமல் கிளம்புகிற போட்டோ, யார் போனைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் அந்தப் போனுக்குப் போகாமல், அந்தக் காட்சியைப் பார்த்து அங்கே யாருக்கு அதிகமாக வயிறு எரிகிறதோ அவர் போனுக்குத்தான் போய்ச் சேரும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தெரியாதவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்கும் ஒரு விசேஷத்துக்கு வந்து உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் தவமணியிடம் இருந்தது சாதாரணக் காமிரா. எடுத்த படத்தைக் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றி, அதிலிருந்து போனுக்கு இறக்கி, அவர் கொடுப்பதற்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் மறுவீடே போய்த் திரும்பிவிடுவார்கள். தாலி கட்டின சூட்டோடு ஸ்டேட்டஸ் வைக்க முடியவில்லையே என்று ஊரே அவரைப் பிடுங்கித் தின்றதால்தான் மதுரையில் யாரோ விற்ற அந்தக் காமிராவை வாங்கி வந்தார். போனில் ஓர் ஆப்பை இறக்கி, காமிராவோடு ஒரு தடவை சேர்த்துவிட்டால் போதும், அவர் பொத்தானை அழுத்த அழுத்தப் படம் தானாகவே போனுக்குப் பறந்துவிடும் என்று கடைக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். பறக்கும் என்றானே தவிர எங்கே போய் உட்காரும் என்று அவன் சொல்லவில்லை.

முதல் படம் பறந்தது திராட்சைக் கமிஷன் கடை சீனிச்சாமியின் புது வீட்டுப் பால்காய்ச்சில். பசு படியேறுகிறது, பால் பொங்குகிறது, ஹாலில் போட்ட பளிங்குத் தரையில் சீனிச்சாமியும் அவர் சம்சாரமும் தலைகீழாகத் தெரிகிறார்கள், எல்லாம் ஒன்று விடாமல் எடுத்தாயிற்று. ஆனால் சீனிச்சாமி கையில் போனைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, ஓரமாகத் தண்ணீர்த் தொட்டியருகே நின்ற அவருடைய சகலை வேலுச்சாமியின் சட்டைப்பையில் டிங், டிங், டிங் என்று விடாமல் அடிக்க ஆரம்பித்தது. தவமணி இணைப்பைத் துண்டித்துத் திரும்பச் சேர்த்தார், காமிராவை அணைத்துப் போட்டார், போனை அணைத்துப் போட்டார். என்ன செய்தாலும் படம் சகலையின் பைக்குத்தான் போனது. அவர் போனில் அந்த ஆப்பே இல்லை.

"உங்க போனு எப்பிடிண்ணே கனெக்ட் ஆச்சு?" என்று தவமணி கேட்டார்.

"எனக்கென்னப்பா தெரியும், நான் பாட்டுக்குத் தரையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார் சகலை.

அதைக் கேட்ட சீனிச்சாமியின் சம்சாரம் சகலையின் முகத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், காமிராவையும் பார்த்துவிட்டு, "அதுக்குக் கண்ணு தெரியுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுப் பால் செம்பை இறக்கப் போய்விட்டாள். ஊர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. அடுத்தடுத்து நடந்த காதுகுத்திலும் சடங்கிலும் கடைதிறப்பிலும் படங்கள் போய் இறங்கின போன்களைப் பார்த்தபோது ஒருவருக்கும் ஆச்சரியம் வரவில்லை. பொறாமை ஊரில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதன் வீட்டு விலாசம்தான் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. தவமணி மட்டும் மனசு கேட்காமல் காமிராவைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போனார். ரிப்பேர்க்காரன் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கடை போர்டையே படம் பிடித்துத் தன் போனுக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடைக்காரர் போனை நீட்டியபடி ரோட்டைத் தாண்டி வந்து, "இது உங்க கடை போர்டுதான தம்பி? எனக்கு எதுக்கு அனுப்புனீங்க?" என்றார். ரிப்பேர்க்காரன் காமிராவைத் துணியில் சுற்றி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கொஞ்ச காலம் ஊர் ரெண்டுபட்டது. ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள் ஒருவர் தெருவில் ஒருவர் நடக்கவில்லை; நாத்தனாரின் வளைகாப்புப் படம் தன் போனில் வந்து விழுந்த ஒருத்தி பிறந்தவீடு போய் உட்கார்ந்துகொண்டாள். போனை அணைத்துவிட்டு வந்தார்கள், ஆனால் படம் எங்கேயோ காத்துக் கிடந்து, திறந்த நேரம் பார்த்து, பஸ்ஸிலோ புருஷன் முன்னாலோ வந்து விழுந்தது. வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள், வீட்டிலிருந்த மாமியார் எடுத்துப் பார்த்துவிட்டு வாசலிலேயே காத்திருந்தாள். உப்பும் மிளகாயும் வைத்துப் போன்களுக்குச் சுற்றிப் போட்டார்கள். சிலர் ஸ்டுடியோ வாசலில் காமிராவை நாற்காலியில் உட்கார வைத்துப் பூசணிக்காய் உடைத்ததில் விதை லென்ஸில் தெறித்து, "சுத்துறதச் சுத்துங்க, கொஞ்சம் தள்ளி நின்னு ஒடைங்கப்பா" என்று தவமணி கத்தினாரே ஒழிய, காமிராவை மாற்றுகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, மாற்று என்று ஊரும் சொல்லவில்லை. நமக்கு வந்த படத்துக்காக அழுகிறவர்களுக்கும் அடுத்தவன் போனுக்கு எது வருகிறது என்று பார்க்கும் ஆசை விடவில்லை, அதுதான் உண்மை.

இதற்கு ஒரு வழி செய்தவர் பந்தி விசாரிக்கிற பெரியகருப்பன். எந்த விசேஷமானாலும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, யார் எந்த வரிசையில் உட்கார வேண்டும், யாருக்கு ரசம் போய்ச் சேரவில்லை என்று பார்க்கிறவர் அவர். பால்காய்ச்சு நடந்து பல மாதம் ஆகியும் சகலைகள் இருவரும் முகம் பார்க்காமல் இருந்த சமயம், சீனிச்சாமி வீட்டுக் காதுகுத்தில் வேலுச்சாமியின் பை மறுபடியும் டிங் என்றதும், அவர் எழுந்து ஓடப் பார்த்தபோது, பெரியகருப்பன் அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

"எரியுற வயித்த வச்சுக்கிட்டு எங்கய்யா ஓடுறீரு? பசிச்சு வந்தவனுக்குச் சோறு போடுறம்ல, எரிஞ்சு வந்தவனுக்கு மோர் ஊத்த மாட்டமா? விசேஷ வீட்டுக்காரவுகளே வந்து ஊத்துங்க, இவரு குடிக்கட்டும், பெறகுதான் மத்தவுகளுக்கு எலை."

அன்று தொடங்கியதுதான் மோர்ப்பந்தி. படம் வந்தவர்கள் எல்லாரையும் முதல் பந்தியில் உட்கார வைப்பது, விசேஷ வீட்டுக்காரர் தன் கையாலேயே மல்லித்தழை கிள்ளிப் போட்ட மோரை ஊற்றுவது, படம் வந்தவர் குடித்து முடித்துவிட்டுப் படங்களை வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பி வைப்பது, அதோடு அந்த எரிச்சல் தணிந்ததாக ஊர் ஏற்றுக்கொள்வது என்று வழக்கமாகிவிட்டது. போன் அடிக்கும் சத்தத்துக்கே மோர்மணி என்று பேர் வந்துவிட்டது. சீனிச்சாமியும் வேலுச்சாமியும் ஒரே பைக்கில் சந்தைக்குப் போனார்கள், பிறந்தவீடு போனவள் திரும்பி வந்தாள், கறிவேப்பிலை வாங்குவதுபோல ஊர் பொறாமையைச் சாதாரணமாகக் கையில் வாங்கிக்கொண்டது.

ஆனால் எங்கள் ஊர் ஒன்றை வாங்கிக்கொண்டால் அதில் பெருமை பார்க்காமல் விடாது. அந்த வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தி நிரம்பிவிட்டதாம், இந்த வீட்டில் ரெண்டே பேர்தான் உட்கார்ந்தார்களாம் என்று பேச்சு கிளம்பியது. கிளம்பியதும் எல்லாருக்கும் தன் விசேஷத்தில் மோர்மணி விடாமல் அடிக்க வேண்டும் என்ற வெறி பிடித்தது. ரிட்டயர்டான பெரிய வாத்தியாரின் பாராட்டு விழாவில் தவமணி எடுத்த படம் ஒன்றுகூட எங்கேயும் போகாமல் காமிராவுக்குள்ளேயே கிடந்தது, அதற்குப் பிறகு அவர் வெளியே தலைகாட்டவே இல்லை. ஊருக்கே வயிறெரிகிற தையல்கடைக் குட்டியப்பனை எல்லா வீட்டிலும் கையைப் பிடித்து அழைத்தார்கள், ஆனால் ஒரு கோழி முட்டை போட்டாலும் எரிகிறவர் என்பதால் அவர் போன் அடித்தால் அது கணக்கில் சேராது. அழைப்பிதழ் வைக்கும்போதே, "நீங்க கட்டாயம் வரணும், நீங்க வந்தாத்தான் எங்களுக்குப் பெருமை" என்று சொல்வதன் அர்த்தமே எங்கள் ஊரில் மாறிப்போனது. பழைய பகையாளி இல்லாத வீட்டில் விசேஷம் வைக்கவே யோசித்தார்கள்.

அந்த வகையில் ராசகனி கொடுத்துவைத்தவள், அவளுக்குப் பகையாளி சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தாள்.

ராசகனியும் சிலம்பாயியும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். மூத்தவள் சிலம்பாயி, இளையவள் ராசகனி. வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த அன்றைக்கே பேச்சும் நின்றுபோனது. நேருக்கு நேர் பேசுவதுதான் நின்றதே தவிர, சொல்ல வேண்டியதை எல்லாம் ஒருத்தி தன் மாட்டிடமும் இன்னொருத்தி தன் துவைகல்லிடமும் சத்தமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் வந்தால் இந்தப் பக்கம் ரெண்டு கதவு ஃபிரிட்ஜ் வந்தது. இந்தப் பக்கம் மாடியில் ஒரு ரூம் எழும்பினால் அந்தப் பக்கம் ரூமோடு பாத்ரூமும் எழும்பியது. இருவரும் உடுத்துகிற சேலை, நடுகிற செடி, வைக்கிற குழம்பு எல்லாமே மற்றவள் மூக்குக்கு எட்ட வேண்டும் என்ற ஒரே நோக்கத்தில்தான் நடந்தன. ராசகனியைப் பொறுத்தவரை சிலம்பாயி பார்க்காத சந்தோஷம் சந்தோஷத்திலேயே சேர்த்தியில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிலம்பாயி மகனுக்குக் கல்யாணம் நடந்தது. பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் பங்காளி வீடு, போகாமல் இருக்க முடியாது. ராசகனி மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனாள். ஆனால் மருமகள் கழுத்து நிறைய நகையோடு மேடையேறியதும், தவமணி பொத்தானை அழுத்தினார், ராசகனியின் இடுப்பு டிங் என்றது. அப்புறம் நிற்கவே இல்லை. மாலை மாற்றினது, தாலி கட்டினது, பெட்டி பெட்டியாகச் சீர் இறங்கினது எல்லாமே அவள் இடுப்புக்கே வந்தன. வேறு ஒருவர் போனுக்கும் ஒரு படம்கூடப் போகவில்லை. கடைசியில் போன் சூடேறித் தானாகவே அணைந்துவிட்டது. இடுப்பில் சிவந்த தடிப்போடு அவள் மோர்ப்பந்தியில் தனியாளாக உட்கார, ஊரே சுற்றி நின்று பார்க்க, சிலம்பாயி குனிந்து டம்ளரில் மோர் ஊற்றினாள். ஊற்றும்போது லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ராசகனியால் செரிக்கவே முடியவில்லை, மோர் அன்றைக்கே செரித்துவிட்டது.

தன் மகள் பூவிழி கல்யாணத்தில் அந்த அக்காவை அதே பந்தியில் உட்கார வைத்துத் தன் கையால் மோர் ஊற்றாவிட்டால் தான் பிறந்ததே வீண் என்று ராசகனி முடிவு கட்டினாள். அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் துவைகல்லிடமும் சொன்னாள், அதனால் ஊருக்கும் தெரிந்துவிட்டது. பூவிழி தான் விரும்பின பையனைப் பற்றி வந்து சொன்னபோது, தாய்க்காரி முதலில் சாமியாடிவிட்டு, பையன் அரசாங்கத்தில் மாட்டு டாக்டர் என்று தெரிந்ததும் சட்டென்று அடங்கிப்போனதற்கும் அதுதான் காரணம். சிலம்பாயி மருமகளுக்கு நகை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், அவள் மகனுக்கு அரசாங்க வேலை கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த மகளிடம் ராசகனி, "ஒங்க பெரியம்மா போனுக்குச் சார்ஜு போட்டிருக்காளான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாடி" என்றாள். சின்ன வயசிலிருந்தே பூவிழிக்கு மட்டும் அந்தச் சுவர் கிடையாது. தலைபின்னிக்கொள்ளப் போவாள், பரீட்சைக்குப் போகுமுன் திருநீறு வாங்கப் போவாள், அம்மா வைத்த குழம்பு பிடிக்காவிட்டால் சாப்பிடவும் போவாள்.

"ஏம்மா, ஒனக்கு என் கல்யாணம் முக்கியமா, பெரியம்மா போனு முக்கியமா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டி எனக்கு. போய்ப் பாரு."

பூவிழி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "போட்டிருக்காக" என்று மட்டும் சொன்னாள். ராசகனி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர்கள், எங்கள் ஊர்க் காமிராவைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள், மாப்பிள்ளையின் அத்தைமார் போன்களைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலம்பாயி மூன்றாவது வரிசையில், மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் நின்ற ராசகனியின் கண் அந்த மடியை விட்டு அகலவில்லை. பெண் அழைத்து வந்த படம் மாப்பிள்ளையின் சித்தப்பா மகள் ஒருத்தியின் கைப்பைக்குள் டிங் என்றது. மாலை மாற்றின படம் குட்டியப்பனுக்குப் போனது. சீர்த்தட்டுப் படம் பால் சொசைட்டிக்காரர் சம்சாரத்துக்குப் போனது. ஒவ்வொரு டிங்குக்கும் ராசகனி எட்டிப் பார்ப்பாள், ஒவ்வொரு தடவையும் சிலம்பாயி மடியில் போன் செத்த எலி மாதிரி அசையாமல் கிடக்கும். தாலி கட்டினார்கள். அதைவிடப் பெரிய காட்சி இல்லை. ராசகனி மகள் கழுத்தைப் பார்க்கவில்லை, அக்கா மடியைத்தான் பார்த்தாள். தாலிப் படம் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் ஒரு பையனின் பாக்கெட்டுக்குப் போனது, சிலம்பாயி அட்சதையைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு எரியவில்லை. ராசகனிக்கு அது புரிய நேரம் பிடித்தது. இத்தனை வருஷம் யாரை நினைத்து ஃபிரிட்ஜ் வாங்கி, யாரை நினைத்து மாடி கட்டி, யாரை நினைத்து இந்தச் சம்பந்தத்துக்கே சம்மதித்தாளோ, அவள் சும்மா ஒரு சொந்தக்காரி மாதிரி உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டாள். கல்யாணமே பொசுக்கென்று போய்விட்ட மாதிரி இருந்தது. இனிப் பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால்தான் ராசகனி அன்றைக்கு முதல் முறையாகத் தன் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

மெட்டி போடும் நேரம். மாப்பிள்ளை மண்டியிட்டு உட்கார்ந்து, பூவிழியின் பாதத்தைத் தூக்கி அம்மியில் வைத்தார். மெட்டி விரலில் ஏறாமல் இறுகியது. அவர் அவசரப்படவில்லை, நிமிர்ந்து பார்த்து, "வலிக்குதா?" என்றார். பூவிழி இல்லை என்று தலையாட்டிவிட்டு, கூச்சத்தில் கால் கூச, அந்த மேடையில், அத்தனை பேர் முன்னாலும், பல்லெல்லாம் தெரிய வாய்விட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். எழுந்து, தன் அங்கவஸ்திர நுனியால் அவள் நெற்றி வேர்வையை ஒற்றி எடுத்தார்.

ராசகனி கல்யாணத்தில் அவளை யாரும் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. மெட்டியைத் திருகி ஏற்றினார்கள், விரல் வீங்கி ஒரு வாரம் செருப்புப் போட முடியவில்லை. தலையைக் குனி, தலையைக் குனி என்று பின்னால் நின்று யாரோ பிடரியை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். கல்யாண ஆல்பத்தில் அவள் முகம் தெரிகிற படம் ஒன்றுகூடக் கிடையாது, வகிடுதான் தெரியும். அவள் புருஷன் ஒச்சப்பன் நல்ல மனுஷன்தான், ஆனால் இன்றைய தேதி வரைக்கும் அவள் நெற்றி வேர்வையை அவர் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். இப்படிச் சிரிக்க முடியும் என்றே தெரியாமல்தானே இத்தனை காலமும் சிலம்பாயியின் மாட்டோடு சண்டை போட்டுக்கொண்டு கிடந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. தவமணி பொத்தானை அழுத்தினார்.

மேளக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்தியிருந்த நேரம் அது. மேடையில் டிங் என்றது.

காலையிலிருந்து பட்டினி, அதனால்தான் வயிறு காந்துகிறது என்று ராசகனி நினைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். பூவிழி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

காமிரா வந்த நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குப் போயிருக்கிறது, சிநேகிதர்களுக்குப் போயிருக்கிறது, புருஷன் பெண்டாட்டிக்கே போயிருக்கிறது. பெற்ற பிள்ளையின் படம் தாய் போனுக்குப் போனதில்லை. தாய்க் கண் பட்டால் அதற்குச் சுற்றிப் போடவும் முடியாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கும் அந்தப் பயம் இல்லாமல் இருக்குமா? மண்டபமே மேடையைப் பார்த்தது. தவமணி காமிராவைக் கீழே இறக்கிவிட்டு, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பூவிழியின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் பெரிய அத்தை எழுந்து நின்று, "யாரு போனுது? மேடையில யாரு போனுங்க அது?" என்றாள்.

பெற்ற மகள் மேல் வயிறெரிந்தவள் என்ற பேரோடு இந்த ஊரில் எப்படி நடமாடுவது என்பதைவிட, இந்தப் பிள்ளை அந்த வீட்டில் எப்படிப் போய் வாழும், ஒரு மாடு செத்தாலும் ஒரு கரு கலைந்தாலும் தாய்க்காரி கண்தான் என்று சொல்வார்களே என்பதுதான் ராசகனியின் கண் முன்னால் வந்து நின்றது. போனை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள், அது நழுவி அம்மிக்குப் பக்கத்தில் விழுந்தது.

"அட, என் போனுத்தா அது!"

மூன்றாவது வரிசையிலிருந்து சிலம்பாயி எழுந்தாள். மடியில் இருந்த போனை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, நாற்காலிகளை விலக்கிக்கொண்டு மேடையேறி வந்தாள். ரெண்டு போனும் ஒரே கம்பெனி, ஒரே கலர். ஒருத்தி வாங்கினதைப் பார்த்து மற்றவளும் வாங்கினதுதான். குனிந்து ராசகனியின் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கை கழுவப் போறப்ப இவகிட்டக் குடுத்துட்டுப் போனேன், மறந்தே போச்சு."

"ஒங்க போனா?" என்றாள் அத்தை, நம்பாமல்.

"பின்ன? நான் இவளுக்கு ஓரகத்தித்தா. எம் மகனுக்கு எங்கயும் ஒரு வேலை நெலைக்கல, இவளுக்கு வந்த மாப்பிள்ளை அரசாங்க டாக்டரு, அதும் அம்மியில கால வச்சா வலிக்குதான்னு கேக்குற டாக்டரு. எரியாம என்ன செய்யும்? காலையில இருந்து புடிச்சு வச்சிருந்தேன், இப்பத்தான் கழண்டுருச்சு."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அத்தையும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். "ராசகனி செயிச்சிட்டாடோய்" என்று யாரோ பின்வரிசையில் கத்தினார்கள், மேளம் பிடித்துக்கொண்டது, பூவிழியின் முகத்தில் ரத்தம் திரும்பியது, பெரியகருப்பன் துண்டை இறுக்கிக்கொண்டு மோர் அண்டாவைத் திறக்கச் சொல்லி ஓடினார்.

முதல் பந்தியில் நடு இலைக்கு முன்னால் சிலம்பாயி உட்கார்ந்தாள். ஊர் சுற்றி நின்றது. ராசகனி இரண்டு வருஷமாகக் கனவில் ஊற்றின மோரைச் செம்பில் எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து நின்றாள்.

"ஊத்துடி. எல்லாரும் பாக்குறாக" என்றாள் சிலம்பாயி மெதுவாக. சுவர் வைத்த நாளுக்குப் பிறகு அவள் ராசகனியிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

ராசகனி ஊற்றினாள். மோர் டம்ளரில் விழும் சத்தத்துக்குள் குரலை மறைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒனக்கு எரியலயாக்கா?"

"இல்லடி."

"கொஞ்சங்கூடவா?"

"நம்ம பிள்ளைதான அது. எதுக்கு எரியப் போவுது?"

"கொஞ்சம் எரிஞ்சாத்தான் என்ன, கொறஞ்சா போயிருவ?" என்றாள் ராசகனி. கோபத்தில் ஊற்றின மோர் டம்ளரைத் தாண்டி இலையில் வழிந்தது.

சிலம்பாயி இலையைத் துடைப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். "எம் மகன் கல்யாணத்துல எனக்கும் எரிஞ்சுதுடி, மருமக மேல. அவன் அவளப் பாத்த பார்வை அப்பிடி. எம் போனு அடிக்கப் போவுதுன்னு உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நின்னேன். அன்னைக்கு ஒன் வயிறு பெருசா எரிஞ்சு எல்லாப் படத்தையும் இழுத்துக்கிருச்சு, எந் தலை தப்புச்சு. அதான் ஒன்னையப் பாத்துச் சிரிச்சேன், நீ வேற மாதிரி எடுத்துக்கிட்ட."

ராசகனி செம்பை நிமிர்த்தினாள். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, சொல்ல வரவில்லை. அதற்குள் மாலையும் கழுத்துமாகப் பூவிழி ஓடி வந்து, பந்தி என்றும் பாராமல், சிலம்பாயியின் கழுத்தைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்தாள். "பெரியம்மா" என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் அந்தக் கிழட்டுக் கன்னத்தில் இறங்கியது. பூவிழிக்கு யாருடைய போன் யாருடையது என்று நன்றாகத் தெரியும். அம்மா பக்கம் அவள் திரும்பவே இல்லை. தவமணி பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டார்.

இலைக்குப் பக்கத்தில் கிடந்த போன் டிங் என்றது.

"பாருங்கடா, இன்னும் அடங்கல இவளுக்கு! இன்னொரு செம்பு கொண்டாங்கப்பா!" என்று பெரியகருப்பன் சத்தம் போட, எல்லாரும் சிரித்தார்கள். பூவிழியைத் தோழிகள் இழுத்துக்கொண்டு போனார்கள். கூட்டமும் அவள் பின்னாலேயே நகர்ந்தது.

சிலம்பாயி போனை எடுத்துத் திரையைப் பார்த்தாள். தன்னையும் தன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதைக் கவிழ்த்து வைத்தாள். டம்ளரில் பாதி மோரைக் குடித்து, மீதியை ராசகனியிடம் நீட்டினாள்.

"இந்தா, குடி. யாரும் பாக்கல."

ராசகனி செம்பைக் கீழே வைத்துவிட்டு, குனிந்தபடியே டம்ளரை வாங்கினாள். தவமணி ஒருவர்தான் காமிராவைக் கண்ணில் வைத்தபடி இன்னும் அங்கே நின்றிருந்தார். அவள் குடித்து முடிப்பதற்குள், கவிழ்ந்து கிடந்த அவள் போன் மறுபடியும் அடித்தது.